முள் தாண்டும் இடம்

சுவர்க் கடிகாரம் நான்கு அடித்து முடிப்பதற்குள் அவன் அலமாரியைப் பார்த்துவிட்டான்.

மூன்றாவது அடுக்கு. நடுவில். பச்சை உறையின் முதுகு.

அங்கேயேதான் இருந்தது.

பிறகுதான் சென்னியப்பனின் படத்தைப் பார்த்தான். மாலை புதியது. முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைகூப்பினான்.

சென்னியப்பனின் மனைவி தெய்வானை நாற்காலியை இழுத்துப் போட்டாள். காலையில் நடந்துவிட்டு வந்தவர் தண்ணீர் கேட்டதையும், சொம்பு வருவதற்குள் போய்விட்டதையும் மறுபடி சொன்னாள். அடக்கத்தன்றே கேட்டதுதான். அன்று தலையாட்டிய இடங்களில் இன்றும் தலையாட்டினான்.

மடியில் துணிப்பை. உள்ளே இருப்பது வளையாமலிருக்க அட்டை வைத்திருந்தான்.

பையன்கள் முடிவு செய்துவிட்டார்களாம். கருமாதி முடிந்த மறுநாள் பெங்களூரிலிருந்து ஒருவர் வேன் கொண்டுவருகிறார். ரெக்கார்டு, பிளேயர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வார்.

மொத்தமாக.

அவன் மடியிலிருந்த பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். குவியலின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து உறைகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். விரலெல்லாம் கறுத்துவிடும். நல்லது சிக்கினால் விளிம்பைப் பிடித்து வெயிலில் சாய்ப்பார்கள். வெளிச்சம் வரிகளின் மேல் ஒரு சுற்று ஓடும். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் வாரமெல்லாம் காத்திருந்தது.

சண்டை வராமலிருக்க ஒரு விதி வைத்திருந்தார்கள். கண் பட்டால் போதாது. கை பட வேண்டும்.

பச்சை உறையை முதலில் கண்டது அவன். மடக்கிய காலை நீட்டுவதற்குள் எதிர்முனையிலிருந்து ஒரு கை வந்துவிட்டது.

"கை பட்டுருச்சு மாப்ள."

சென்னியப்பன் சிரித்தார். அவனும் சிரித்தான்.

நாயனம். பேர் எடுக்காத ஒருவர் வாசித்தது. அந்த ஒரு ரெக்கார்டோடு அவர் நிறுத்திக்கொண்டார். பல வருடம் தேடி அவனுக்கும் ஒரு பிரதி கிடைத்தது. ஆனால் முதல் பக்கத்தில் கீறல். நாயனம் மேலே ஏறி, ஏறி, ஓரிடத்தில் நிற்கும். அங்கே முள் தாண்டும். அடுத்த நொடி நாயனம் கீழே இருக்கும்.

மேலே போனவர் எந்த வழியாக இறங்கினார் என்பது அவன் வீட்டில் இல்லை. இந்த வீட்டில் இருந்தது.

கேட்டால் தெய்வானை கொடுத்துவிடுவாள். கருமாதி முடியாத வீட்டில் எந்த வாயால் கேட்பது?

கேட்கவில்லை.

அவள் காப்பி வைக்க உள்ளே போனாள்.

எழுந்தான். பச்சை உறையை உருவினான். உள்ளங்கைகளை விளிம்பில் வைத்து ரெக்கார்டை எடுத்தான். அவசரத்திலும் அதை வெளிச்சத்தில் சாய்த்தான். ஒரு கோடு இல்லை. பையிலிருந்து தன்னுடையதை எடுத்து உறைக்குள் விட்டான். அதே லேபிள். அதே கனம். உறை பழைய இடத்துக்கும், நல்லது பைக்குள்ளும் போயின.

உள்ளே பால் பொங்கும் சத்தம்.

காப்பி வந்தபோது பை மடியில் இருந்தது. ஆற்றாமல் குடித்தான். நாக்கு பொத்துப்போயிற்று.

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இன்று அது வசதியாக இருந்தது. எழுந்தான். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டான்.

தெய்வானை கூப்பிட்டாள்.

அந்தப் பிளேயரை அவர் ஒருநாளும் தன்னைத் தொட விட்டதில்லை என்றாள். தூசி துடைக்கக்கூட. வேன் வருவதற்குள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் போடுவாரே, அந்த நாயனம்.

துக்க வீட்டில் மங்கல வாத்தியமா என்றான்.

"பரவால்லீங்கண்ணா. கதவச் சாத்திக்கலாம்."

சாத்தினாள். மின்விசிறியையும் நிறுத்தினாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பச்சை உறையை எடுத்தான். இரண்டாம் பக்கத்தைப் போட்டான். அவளுக்கு என்ன தெரியப்போகிறது.

நாலு சுரம் போனது. இது இல்லை என்றாள்.

திருப்பிப் போட்டான். முள்ளை வைத்தான். கொஞ்சம் இரைச்சல். பிறகு நாயனம்.

தெய்வானை நாற்காலியில் உட்காரவில்லை. படத்தின் பக்கம் போகவில்லை. சமையலறை வாசலில் போய், அவனுக்கு முதுகு காட்டி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் அங்கே நின்றுதான் கேட்டிருப்பாள்.

நாயனம் ஏறத் தொடங்கியது.

அவனுக்கு இடம் தெரியும். இருமலைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டான்.

ஏறியது. இன்னும் ஏறியது. நின்றது.

இருமினான். சரியாக அங்கே. பலமாக.

இருமல் ஓய்ந்தபோது நாயனம் கீழே இருந்தது.

அவள் திரும்பவில்லை. நிலையிலிருந்த கை மட்டும் இறங்கியது.

"ஏனுங்கண்ணா, நம்முளுது இந்த எடத்துல தாண்டாதுங்களே."