ஊருக்குப் போகும் உத்தரவு

“தாடை உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது, உசுரு இருக்குல்ல!”

கையில் தந்தியோடு அலுவலகக் கூடாரத்துக்குள் ஓடிவந்தான் சார்ஜென்ட் ஹார்லன். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்த குமாஸ்தா பிட்மேன் நிமிர்ந்து பார்த்தான். அந்த அலுவலகத்தில் யாரும் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

“யாருக்கு சார்ஜென்ட்?”

“என் மச்சினன் லைலுக்குத்தான்யா! ஆஸ்பத்திரிக் கப்பல்ல இருக்கானாம். பொழைச்சுட்டான்!”

மரைன் காலாட்படையின் அந்தப் பட்டாளத்தில் ஆள் கணக்குப் பார்ப்பது ஹார்லனின் வேலை. வியட்நாமுக்குப் புதிதாக வருகிறவன், ஊர் திரும்புகிறவன், செத்தவன் எல்லோரும் அவன் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். மனைவி நடீனின் ஒரே தம்பி லைலும் அதே பட்டாளத்தில் வந்து சேர்ந்த நாள் முதல், ஒவ்வொரு செய்தியைப் பிரிக்கும்போதும் அவன் முதலில் தேடியது அந்தப் பெயரைத்தான்.

மலைமேல் லைல் இருந்த பதுங்குகுழியிலேயே குண்டு விழுந்தது. அதில் இருந்தது இரண்டு பேர், லைலும் அவன் சிநேகிதன் ஓடெலும். ஒருவன் செத்தான், ஒருவனை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். எவன் எவன் என்று தெரியும்வரை ஹார்லன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கழுத்தில் கிடக்கும் பெயர்த் தகடு தொலைந்துபோனால் உதவட்டும் என்று, இன்னொன்றைப் பூட்ஸ் கயிற்றில் கோத்துக்கொள்வது அந்தப் பையன்களின் வழக்கம். இருவர் முகமும் சிதைந்து, கழுத்துத் தகடுகளும் குண்டில் போய்விட, கடைசியில் அதுதான் கைகொடுத்தது. பிணத்தின் பூட்ஸில் ஓடெல் பெயர் இருந்தது. கப்பலுக்குப் போனவன் பூட்ஸில் லைல் பெயர்.

“ஒருத்தி பெத்த வயிறு எரியப்போகுது, நான் இங்க குதிக்கிறேன். நானெல்லாம் மனுஷனாய்யா?” என்றான் ஹார்லன்.

“எங்க வீட்டுப் பிள்ளைன்னா நானும் குதிப்பேன். உட்காருங்க, அந்தம்மாவுக்குக் கடுதாசி அடிக்கணும்.”

அடித்தார்கள். ‘உங்கள் மகன் வலியில்லாமல் போனான்’ என்ற வரியை இருவருமே மனப்பாடமாக வைத்திருந்தார்கள். வலியில் துடித்துச் செத்தவன் வீட்டுக்கும் அதே வரிதான் போகும். கர்னல் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரத் தபாலில் ஓடெலின் அம்மா அனுப்பிய தகர டப்பா வந்து சேர்ந்தது. உள்ளே வேர்க்கடலை மிட்டாய். செத்தவனுக்கு வந்த தின்பண்டத்தைத் திருப்பி அனுப்புவதில்லை, கூட இருந்தவர்கள் பங்கு போட்டுத் தின்பார்கள். “லைலோட பங்கு, கொண்டுபோய்க் குடுத்துடுங்க” என்று ஒரு பொட்டலத்தை ஹார்லனிடம் நீட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக் கப்பலில் ஹார்லனுக்குக் காட்டிய கட்டிலில் துணிச் சுற்றல்தான் தெரிந்தது. வீங்கிய ஒரு கண், உதட்டுக்கு ஒரு இடுக்கு, இரண்டு கையிலும் கட்டு.

“தாடையைக் கம்பி வெச்சுக் கட்டியிருக்கு. நேத்துதான் மயக்கம் தெளிஞ்சுது. ரொம்பப் பேச்சுக் குடுக்காதீங்க” என்றாள் நர்ஸ்.

“காலுக்கு ஒண்ணும் இல்லியே, சிஸ்டர்?”

“அடி இல்ல. ஆனா விரலெல்லாம் கொப்புளம். அளவு சேராத பூட்ஸை மாட்டிக்கிட்டு நடந்திருக்கான், பாவம்.”

“எங்க ஸ்டோர்ல குடுக்குற லட்சணம் அப்படி!” என்று சிரித்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தான் ஹார்லன்.

“டேய் லைல், நான்தான்டா. நீ ஊருக்குப் போற உத்தரவுக்கு அலையா அலைஞ்சு கையெழுத்து வாங்கிட்டேன். நம்ம ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே மாத்தியாச்சு. உங்க அக்கா இந்நேரம் உன் ரூமைக் கழுவித் துடைச்சு வெச்சிருப்பா.”

கட்டுப் போட்ட தலை இல்லை இல்லை என்று ஆடியது.

“என்னடா, வேணாமா? மறுபடி மலைக்குப் போறேன்னு சொன்னே, உதைப்பேன் படவா! உனக்குப் போர் முடிஞ்சுபோச்சு. வீட்டுல ஒருத்தனாவது முழுசாப் போய்ச் சேரட்டும்.”

தலையாட்டல் நிற்கவில்லை. பேச்சை மாற்ற ஹார்லன் பொட்டலத்தைப் பிரித்தான். வறுத்த கடலையும் வெல்லப்பாகும் மணந்தன.

“இப்போ கடிக்க முடியாது. சும்மா வெச்சுக்கோ. ஓடெலோட அம்மா செஞ்சு அனுப்புனது.”

அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டி, கட்டுத் துணியை நனைத்தது. ஹார்லனுக்கு இத்தனை நாளாகச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

“அழாதடா. அவன் தலையெழுத்து அப்படி. அவங்கம்மாவுக்கு நானே எழுதிட்டேன், நல்லவிதமா. நீயாவது தப்பிச்சியே, அதை நெனச்சுக்கோ.”

கட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஹார்லன் குனிந்து, உதட்டருகே காதை வைத்தான். கம்பி போட்ட பற்களின் இடுக்கில் ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்ந்து வந்தது.

“என்னோடது கிழிஞ்சிருந்துச்சு... நானும் லைலும் பூட்ஸ் மாத்திக்கிட்டோம், சார்ஜென்ட்.”