ஏற மறுத்த ஃபீச்சர்

கழுத்தில் ஓர் அடையாள அட்டை, தோளில் கறுப்புப் பை, முகத்தில் கொஞ்சம் சலிப்பு. இவை இருந்தால் எந்த ஆபீசுக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்பது கம்பியின் அனுபவம். கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டுவதில் கெட்டிக்காரன் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது.

அன்று மதியம் ஆபீஸ் முழுக்க மாடியில் யாருடைய பிரிவு உபசாரத்துக்கோ போயிருந்தது. கம்பி முதல் லேப்டாப்பில் கை வைத்தான்.

"அப்பாடா, வந்துட்டீங்களா!"

சர்வர் அறையிலிருந்து டை கட்டிய வழுக்கைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. "நான்தான் மேனேஜர். சர்வர் பார்க்கத்தானே வந்தீங்க?"

"ஆமா சார்" என்றது கம்பியின் வாய். கால்கள் வேறு யோசனையில் இருந்தன. அதற்குள் மேனேஜர் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"வீட்டிலேருந்தே இந்த சர்வருக்குள்ள வர்ற மாதிரி ஒரு ஃபீச்சர் போடணும். பாதி வரைக்கும் ஏறுது, அப்புறம் படுத்துக்குது. நீங்கதான் காப்பாத்தணும்."

கம்பிக்குத் தெரிந்த ஒரே சர்வர் ஹோட்டல் சர்வர்தான். ஓரமாக ஒதுங்கி அக்கா புருஷனுக்குப் போன் போட்டான். கம்ப்யூட்டர் படித்தவர். மச்சினனைக் கண்டாலே பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொள்பவர்.

"அத்தான், சர்வர்ல ஃபீச்சர் ஏறலைன்னா என்ன பண்றது?"

"உனக்கு எதுக்குடா சர்வர்? சரி, என்ன வருதுன்னு படி."

"ஃபைலைக் காணோம்னு சிவப்பு எழுத்துல வருது. சத்தியமா நான் எடுக்கலை அத்தான்!"

"உன்னை யாருடா சொன்னா? அதுக்கு வேண்டிய ஃபைல் அந்த மெஷின்லயே இருக்காது. சர்வரோட வந்த டிஸ்க்கைத் தேடிப் போடு. இன்ஸ்டால் கொடுக்கும்போது, ஃபைல் அதுக்குள்ள இருக்குன்னு இடத்தைக் காட்டிவிடு. தானா எடுத்துக்கும்."

இடத்தைக் காட்டினால் தானாக எடுத்துக்கொள்ளுமாம்! நம்ம தொழில்காரன்தான் என்று கம்பிக்கு அந்த மெஷின்மேல் பாசமே வந்துவிட்டது.

டிஸ்க் இருக்க வேண்டிய டிராயர் பூட்டியிருந்தது. "சாவி எங்கேயோ..." என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். கம்பி ஒரு ஹேர்பின்னை நுழைத்து, அவர் இருமி முடிப்பதற்குள் திறந்தான்.

"அட! இதுக்கெல்லாம்கூட டிரெயினிங் தர்றாங்களா?"

டிஸ்க்கைப் போட்டு, அத்தான் சொல்லச் சொல்லத் தட்டினான். ஃபைல் இருக்கும் இடத்தை எழுதும்போது நடுவில் வரும் சாய்ந்த கோட்டை இடம் வலம் மாற்றிப் போட்டதில் மறுபடியும் சிவப்பு. அத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார். திருத்தித் தட்டியதும் பச்சைப் பட்டை நகர்ந்தது, பாதியில் நின்று மூச்சு வாங்கியது, பிறகு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது.

மேனேஜர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்க ரொம்ப நல்லா இருக்கணும்!"

கம்பியை அதுவரை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை. கண் கலங்கிவிட்டது. மேசைகளில் லேப்டாப்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒன்றைக்கூடத் தொடாமல், காலிப் பையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியேறினான்.

அந்த வாரமே போலீஸ் அவனை அதே ஆபீசுக்கு இழுத்து வந்தது. யாரோ எங்கிருந்தோ சர்வருக்குள் புகுந்து, இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துவிட்டார்களாம். கேமராவில் கம்பியின் முகம் பளிச்சென்று இருந்தது.

"ஐயா, ஒரு துரும்பைக்கூட நான் தொடலை! இங்க இருக்கிற மேனேஜரையே கேளுங்க, சொல்வாரு!" என்று கதறினான் கம்பி.

இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "கேளுங்க, நான்தான் மேனேஜர்."