சான்றுள்ள வரி

அழித்த வரி மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, அழிச்ச வரி போன வேகத்துல திரும்பி வந்துட்டே!"

தாளாளர் தன் நாற்காலியை வரலாற்று ஆசிரியை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கணினித் திரையில் விக்கிப்பீடியா. கல்லூரியைப் பற்றிய கட்டுரை.

அதில் ஒரே ஒரு வரிதான் அவருக்கு ஆகவில்லை.

கல்லூரி நிற்கும் நிலத்தைக் செங்கல் காளவாசல் தொழிலாளர்கள் கொடுத்தார்கள்; பதிலுக்கு அவர்கள் பிள்ளைகளுக்கு இங்கே இலவசப் படிப்பு என்று நிறுவனர் மேடையில் அறிவித்தார்.

நிறுவனர், தாளாளரின் தாத்தா. நுழைவாயிலில் சிலையாக நிற்கிறார். நிலத்தை வழங்கிய வள்ளல் என்று பீடத்தில் பொறித்திருக்கிறது.

வரியை எழுதியவள் முத்துவேணி. வரலாறு இரண்டாம் ஆண்டு. காளவாசல் தெருப் பெண். கட்டணம் கட்டித்தான் படிக்கிறாள்.

எழுதச் சொன்னவள் ஆசிரியையான இவள். வகுப்பு வேலையாகக் கொடுத்தாள். கல்லூரியின் ஆவண அறையைத் திறந்துவிட்டதும், பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தூசு தட்டிக் கையில் கொடுத்ததும் இவள்தான். சான்று இல்லாமல் ஒரு வரி எழுதக் கூடாது, சான்று இருந்தால் ஒரு வரியையும் விட்டுவிடக் கூடாது என்று வாய் வலிக்கச் சொல்லியிருந்தாள்.

சொல்வதற்கென்ன, வாய் யாருடையது.

முதல் தடவை, தன் கணக்கில் நுழையாமல் அழித்தாள். அழித்தவர் பெயர் விழாது. அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது.

வரி திரும்பியது. கூடவே காரணமும்.

"சான்றுள்ள தகவலை நீக்கக் கூடாது."

இவள் வகுப்பில் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல் பிசகவில்லை. பெருமையாக இருந்தது.

"இன்னொரு மட்டம் அழி."

சுவரொட்டியைக் கிழிக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார் அவர். மேசையில் இவளுடைய பணி நிரந்தர உத்தரவு கிடந்தது. வருடக்கணக்காக இழுத்தடித்து, இப்போது அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

அழித்தாள்.

வந்தது.

அழித்தாள்.

வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். சோறு அள்ளிப் போடுகிறவள் இவள். வெட்கமாக இருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. முத்துவேணியின் செய்தி.

"மேடம், யாரோ நம்ம வரிய அழிச்சிக்கிட்டே இருக்காங்க. பேரக் காட்டத் தைரியமில்லாத பய. விக்கி நிர்வாகிகிட்ட சொல்லி பக்கத்தப் பூட்ட வச்சுட்டேன். கணக்கு இல்லாம இனிமே எவனும் தொட முடியாது. நீங்க கவலப்படாதீங்க மேடம்."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

திரையிலும் அதே சேதி. பதிவு செய்த பயனர்கள் மட்டுமே இப்பக்கத்தைத் தொகுக்க முடியும்.

அப்பாடா என்றிருந்தது. தப்பித்தோம்.

"இனி முடியாது சார். பூட்டிட்டாங்க. கணக்கு இருக்கறவங்கதான் உள்ள போகலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒனக்குத்தான் இருக்கேம்மா. நீதான பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கே."

விசிறி சுற்றியது. வெளியே மணி அடித்து, வகுப்பு மாறும் சத்தம் கேட்டது.

உள்நுழைந்தாள். மேல் மூலையில் இவள் பெயர் முழுதாக விழுந்தது.

வரியை அழித்தாள். காரணம் கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டாள். என்ன எழுத? அழித்தவர் என்ற இடத்தில், யாரும் பார்க்கும்படி, இவள் பெயர் ஏறியது.

பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னார். வரி இல்லை. மறுபடியும் சொன்னார். இல்லை.

"அடங்கிட்டான் பாத்தியா?"

உத்தரவை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.

இவள் இன்னும் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். இப்போது யாரும் சொல்லவில்லை.

வந்துவிடு, வந்துவிடு என்று மனசு கெஞ்சியது.

கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள். முத்துவேணி ஆன்லைனில்தான் இருந்தாள்.