செயல் விளக்கம்

வைஜயந்தியின் வீட்டுக்கு வாக்குவம் கிளீனர் விற்க வந்தவன், குழாயின் வாயில் வெள்ளைத் துணி ஒன்றைப் பொருத்திக் கூடத்துக் கம்பளத்தின் மேல் ஒரே ஒரு தடவை இழுத்தான். துணி வட்டமாகக் கறுத்திருந்தது.

"ஒன்பது வருஷமா நீ பெருக்கற லட்சணத்தைப் பாத்தியா?" வைஜயந்தி அந்தத் துணியை வேலைக்காரி செங்கமலத்தின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

சற்றுமுன்தான் அந்தக் கம்பளத்தை மண்டியிட்டுப் பெருக்கி முடித்திருந்த செங்கமலத்துக்குக் காதுமடல் வரை சூடு ஏறியது. துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"வேற துணி போடு தம்பி."

அவன் சிரித்துக்கொண்டே போட்டான். அவள் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, மெஷின் இரைய இரைய இழுத்தபடி படுக்கையறைக்குள் போனாள். வேலைக்காரி கை படக்கூடாது என்று வைஜயந்தி முதல் நாளே சொல்லிவைத்த மெத்தையின் மேல் அழுத்தி இழுத்தாள். துணியைக் கழற்றி விரித்துக் காட்டினாள். முந்தையதைவிடக் கறுப்பாக இருந்தது.

"இதுவும் நான் பெருக்கற எடமாம்மா?"

"மெத்தையிலதான் மேடம் அதிகமா இருக்கும்" என்றான் விற்க வந்தவன் உற்சாகமாக.

"மொதல்ல அதை நிறுத்துங்க!" என்று வைஜயந்தி கத்தினாள்.

அவன் சுவிட்சை நோக்கிக் குனிந்தான். செங்கமலம் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு தம்பி. இன்னும் தலகாணி இருக்கு."