வாத்துக்கு வந்த வாழ்வு

“வலிக்குதாடா கண்ணு? இதோ முடிஞ்சுது. மெதுவாத்தானே தொடறேன்?”

கணவன் இப்படிக் குழைவதைக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான புதிதில்கூட அவளை அவன் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதில்லை. இத்தனைக்கும் அந்தக் கண்ணு உட்கார்ந்திருந்தது அவள் மடியிலேதான்.

துண்டில் சுற்றிய வாத்து! பாதத்தின் அடியில் கறுப்பாகப் புண் வந்து நொண்டியதிலிருந்து தினமும் சாயங்காலம் இந்தக் கூத்துதான். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் போகக் கை கழுவி, அவளுக்கு எதிரே முக்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்துவிடுவான். இறக்கை அடிக்காமல் அவள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதம் அவன் பக்கம், கொத்துகிற அலகு அவள் பக்கம்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவுவான். மருந்து தடவி, பஞ்சு வைத்து, விரலிடுக்கில் துணியைக் கொடுத்துக் கட்டுவான். அன்றைக்கு லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டு அலறினார்கள் என்ற கதையெல்லாம் கட்டு முடிகிறவரை நடக்கும்.

‘வாத்துக்குக் கதை வேறயா!’ என்று பொருமினாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். முடிந்ததும் அவள் யூனிஃபார்ம் தைக்க மிஷினுக்குப் போய்விடுவாள், அவன் டிவிக்குப் போய்விடுவான். அப்புறம் பேச்சே இருக்காது.

ஒருநாள் அவள் விரலில் ஊசி ஏறி ரத்தம் கொட்டியபோது, “பாத்துத் தைக்கக் கூடாதா?” என்றதோடு சரி. அந்தக் கோபம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

போன வாரம் வந்திருந்த அவள் தம்பி, “நகருக்கா, நான் பிடிச்சுக்கறேன்” என்று கை நீட்டினான்.

“வேணாம் மாப்ள. உங்கக்கா பிடிச்சாத்தான் அது அடங்கும்” என்று தடுத்துவிட்டான் இவன்.

அடங்குகிறதாம்! அவள் முழங்கையெல்லாம் கொத்தின தழும்பு.

இனி இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். தம்பி வீட்டுப் பின்னால் குளம் இருக்கிறது. “நாளைக்குக் கூடையோட வந்து தூக்கிட்டுப் போடா” என்று போன் செய்தாள்.

புண்ணோடு அனுப்பினாள் என்ற பழி வேண்டாமே என்று, ஆளில்லாத மத்தியானத்தில் தானே கட்டைப் பிரித்தாள். நாலு கொத்து வாங்கிக்கொண்டுதான் பாதத்தைத் திருப்பிப் பார்க்க முடிந்தது. வழவழவென்று இருந்தது. புண் இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

சாயங்காலம் அவன் உள்ளே நுழைந்தபோது, வாத்து கட்டில்லாமல் கூடத்தில் ஜம்மென்று நடந்துகொண்டிருந்தது.

“கால் ஆறி எவ்வளவு நாளாச்சு?”

திருதிருவென்று விழித்தான். “ஒரு மாசம் இருக்கும்.”

“ஒரு மாசமா! அப்புறம் எதுக்கு தினமும் கட்டு? மகாராணியைக் கொஞ்சாம இருக்க முடியலையோ? பேசாம அதையே கல்யாணம் பண்ணியிருக்கலாமே!” பிரித்த கட்டுத் துணியை அவன் முன்னால் வீசினாள். “நாளைக்குத் தம்பி வர்றான். தூக்கிக் குடுத்துடப் போறேன்.”

வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான் என்று பார்த்தாள்.

“குடுத்துடு. குளத்துல நல்லா இருக்கும்” என்றான் சட்டென்று.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எதிரே அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டான்.

“வாத்து இல்லேன்னாலும் சாயங்காலம் இங்க வந்து உக்காருவியா?”