புறப்பட்ட காரணம்

"உக்காரு. இன்னைக்கு உனக்கு ஒரு தளபதி செய்வோம்" என்று கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில், அந்த நாற்காலியிலிருந்து அவன் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வார நாட்களில் அடுத்தவர் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் இருப்பான். ஞாயிறு வந்தால் கம்ப்யூட்டரைப் போட்டு, வாளும் குதிரையுமாக ஒரு பழங்காலத்து நாட்டுக்குக் கிளம்பிவிடுவான். கூப்பிட்டால் காது கேட்காது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவன் மனைவி அந்த விளையாட்டுக்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள்.

மகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். மழைக்கு முன்னால் வரும் மஞ்சள் வெளிச்சம் அறை முழுக்க நின்றது.

அந்த வாரம் முழுக்க அவன் எதையாவது சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். திங்களன்று தண்ணீர் மோட்டார். செவ்வாய் ஸ்கூட்டரின் பிளக். புதன் ஃபியூஸ் கட்டுவது. "நீங்க எதுக்கு இருக்கீங்க?" என்று மூன்று நாளும் முணுமுணுத்தாள்.

இன்று முணுமுணுக்காமல் வந்து உட்கார்ந்தாள். அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

மோட்டாரும் ஃபியூஸும் வீட்டுக்கு. இது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு.

முதலில் தன் படையைக் காட்டினான். எண்பத்து நான்கு பேர். முன்வரிசையில் ஈட்டிக்காரர்கள், பின்னால் மேட்டில் வில்லாளிகள், ஓரமாகக் குதிரைகள்.

"இதுல பாதிப் பேரு வெறும் கம்போட வந்தவங்க. ஊர் ஊராப் போய் அஞ்சு பேரு, ஆறு பேருன்னு சேக்கணும். எடுத்ததும் பெரிய சண்டைக்குப் போயிடாத. நம்மளவிடச் சின்ன கும்பலாப் பாத்து மோதணும்."

வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மூச்சு வாங்கினான். சளி என்று சொல்லி வைத்திருந்தான்.

"சாப்பாடு?"

"அதுதான் முக்கியம். தினமும் ஒரே ரொட்டியப் போட்டா ஆளுங்க ஓடிடுவாங்க."

"நம்ம வீட்ல யாரும் ஓடலையே."

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முகத்தைத் திருப்பி, கைக்குட்டையை வாயில் வைத்து, பார்க்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தளபதி செத்துட்டா?"

"சாக மாட்டான். மயங்கி விழுவான், அவ்வளவுதான். ஆனா கண்ணு முழிக்கும்போது படை இருக்காது. சிதறிப் போயிருக்கும்."

"அப்போ யாரு பாத்துக்கறது?"

"அதுக்குத்தான் பக்கத்துல ஒருத்தர முன்கூட்டியே தயார் பண்ணணும்."

"வைத்தியம் தெரிஞ்ச ஆளு கிடைக்குமா?"

"கிடைக்கும். தேடணும். கூட இருந்தா, விழுந்தவங்கள்ல பாதிப் பேரு பிழைப்பாங்க."

"பாதிதானா?"

"பாதியே பெரிசு."

எங்கோ தூரத்தில் இடி உருண்டது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்து அடங்கியது.

பிறகு அவளுக்கான தளபதியை ஆரம்பித்தார்கள். முகத்தை அவனே வரைந்தான். நெற்றியைச் சற்று அகலமாக்கினான். கன்னத்தை ஒடுக்கினான். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூக்கின் லேசான கோணல் வரை கொண்டுவந்துவிட்டான்.

"எனக்கு இவ்வளவு பெரிய மூக்கா?" என்றாள்.

தளபதியின் குணங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப் பன்னிரண்டு புள்ளிகள். எட்டை வலிமையில் போடச் சொன்னான். அவள் எட்டையும் தலைமையில் போட்டாள்.

"அடிக்கறதுக்கு ஆள் வச்சுக்கலாம்."

"ஒண்டியா மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?"

அவள் அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.

கடைசியாக ஒரு பக்கம் வந்தது. இந்தத் தளபதி எதற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டாள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. கீழே நான்கு காரணங்கள்.

அவன் படித்துச் சொன்னான். "பழி வாங்க. வீட்ல துரத்திட்டாங்க. நாடு சுத்திப் பாக்க. மூணாவதப் போடு, அதுதான் உனக்கு நல்லா இருக்கும்."

"நாலாவது?"

"அது ஒண்ணுமில்ல."

அவள் முன்னால் குனிந்தாள். கடுகளவு எழுத்தை நாள் முழுக்கப் பார்க்கிற கண். உதடு அசையாமல் படித்தாள். பிறகு அம்புக்குறியை நகர்த்தி நான்காவதன் மேல் வைத்து அழுத்தினாள்.

கணவனை இழந்ததால்.

"அது வேணாம்," என்று அவள் கைமேல் கையை வைத்தான். "மாத்து. மாத்திக்கலாம் அது."

அவள் கை மவுஸைவிட்டு நகரவில்லை. அவன் கை சில்லிட்டிருந்தது. அதை அவள் உதறவும் இல்லை.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு," என்றாள் திரையைப் பார்த்தபடி. "ஒரு வாரமா உங்களுக்குப் பண்ணிப் பாத்தாங்களாம். எடுக்கலையாம்."

முதல் மழைத்துளிகள் ஜன்னலில் விழுந்தன.

"நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க. வர்றோம்னு சொல்லிட்டேன்."

திரையில் புல்வெளி விரிந்தது. நடுவில் அவள் முகத்தோடு ஒருத்தி குதிரைமேல் தனியாக நின்றிருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "இப்ப எந்தப் பக்கம் போகணும்?"