நீளும் கோடு

உரும்பிராய் ரியூசன் கொட்டிலின் கிடுகுக் கூரை இடுக்கால் விழும் வெயில் தனுசியாவின் மடிக்கணினியில் பொட்டுப் பொட்டாய் ஆடுகிறது. போன கிழமை கணக்குகள் ஏற்ற அவள் செய்த இணையத்தளத்தில் பின்னக்கோடு 1/x + 2 என்று சரிந்து நின்றதால், கீழே எக்ஸோடு இருக்கவேண்டிய இரண்டைப் பிள்ளைகள் வெளியே கூட்டிவிட்டார்கள். இன்றும் பிழைத்தால் தளமே வேண்டாம் என்றிருக்கிறார் கணித ஆசிரியர் துரைராஜா. அவள் புதிதாகச் சேர்த்த சமன்பாட்டுப் பெட்டியில் ஒற்றை விரலால் தட்டுகிறார். எக்ஸ், கூட்டல், இரண்டு என்று கீழே ஒவ்வொன்றாய் வந்தமர, மேலே கோடு தானாக நீண்டு இடம் கொடுக்கிறது. பழக்கத்தில் அவர் கோடு கீறும் அடிமட்டத்தைத் திரையில் வைக்கிறார். "சேர், அது தானாக் கீறும்!" என்று தனுசியா சிரிக்கிறாள். "பொறு பிள்ளை, நேரோ எண்டு பாக்கிறன்." கணக்கு தளத்தில் ஏறுகிறது. கைபேசி சிணுங்க, அளவெட்டியிலிருந்து மாணவி ஆரணி கேட்கிறாள்: "சேர், அந்த இரண்டும் எக்ஸோடை கீழைதானே?" "ஓம், ஓம்!" அவர் கதிரையை இழுத்துக்கொண்டு நெருங்குகிறார். "பிள்ளை, வர்க்கமூலத்தின்ரை கூரையும் இப்பிடி நீளுமோ?"